அனலும் ஆலங்கட்டியும்

போன மே மாதம் என் அக்கா மகன் சென்னையிலிருந்து, ஹைதராபாத்தை ஒட்டிய செகந்திராபாத்துக்கு லீவுக்கு வந்தான். வந்த அன்று காலையில் குளித்துவிட்டு, பத்மாராவ் நகரில் இருக்கும் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஈரத் துண்டைக் காயப் போட்டான். நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போய்ப் பார்த்தால் துண்டு அப்பளம் போல விறைத்துக் கிடந்தது.

"மாமா, இதுதான் வெயில்! எங்க ஊர் மாதிரி பிசுபிசுன்னு இல்லை. எனக்கு வியர்க்கவே இல்லை பாருங்க" என்று கையைத் தடவிக் காட்டினான். கை உலர்ந்துதான் இருந்தது.

அந்தச் சந்தோஷத்தில் பகலெல்லாம் தெருப் பையன்களோடு கிரிக்கெட். சாயங்காலம் தலைவலி என்று சுருண்டு படுத்துவிட்டான். உதடு வெடித்திருந்தது. "காலையிலேர்ந்து எத்தனை தடவை ஒண்ணுக்குப் போனே?" என்று கேட்டேன். யோசித்து, "ஒரு தடவை" என்றான். "என்ன நிறம்?" வெட்கப்பட்டுக்கொண்டே, "நல்ல மஞ்சள்" என்றான்.

அவனுக்கு வியர்த்திருக்கிறது, நிறையவே வியர்த்திருக்கிறது. கண்ணில் படுவதற்குள் காற்று அதைக் குடித்துவிட்டது. துண்டில் இருந்த தண்ணீர் போன இடத்துக்கே அவன் உடம்பில் இருந்த தண்ணீரும் போயிருக்கிறது.

சென்னைக் காற்று கடல் காற்று. அதில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருக்கும், இன்னும் வாங்கிக்கொள்ள இடம் குறைவு. அதனால் வியர்வை ஆவியாகாமல் முதுகில் ஓடும், சட்டை ஒட்டும், நமக்கும் தண்ணீர் குடிக்கத் தோன்றும். ஹைதராபாத் தக்காணப் பீடபூமியில், கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 540 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல் ஒரு ராத்திரி ரயில் தூரம். மே மாத மதியத்தில் இங்கே காற்றின் ஈரப்பதம் 25 சதவீதத்துக்கு இறங்குவது சாதாரணம். சென்னை வெயில் வகுப்பிலேயே திட்டிவிடும் வாத்தியார். ஹைதராபாத் வெயில் சிரித்துப் பேசிவிட்டு விடைத்தாளில் மார்க்கைக் குறைக்கிறவர். எனக்கு முதல் வகையே மேல் என்று தோன்றும்.

மறுநாள் அவனைப் பக்கத்து வீட்டு அவ்வாவிடம் கூட்டிப் போனேன். அவ்வா என்றால் இங்கே பாட்டி. அவர் வீட்டு வராந்தாவில் மணல்மேல் ஒரு ரஞ்சன் உட்கார்ந்திருக்கும். ரஞ்சன் என்பது தெலங்கானாவின் சிவப்பு மண்பானை. அவ்வா அதிலிருந்து ஒரு சொம்பு மொண்டு கொடுத்தார். வராந்தாவில் அனல் அடிக்கிறது, பானைத் தண்ணீரோ பல்லைத் தொட்டதும் சில்லென்று இறங்குகிறது. கரண்ட் இல்லை, ஐஸ் இல்லை.

"பானைக்குள்ளே என்ன இருக்கு மாமா?" என்றான்.

உள்ளே தேடக் கூடாது, வெளியே தொட்டுப் பார் என்றேன். பானையின் வெளிப்பக்கம் நசநசவென்று ஈரமாக இருந்தது. சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் கோடிக்கணக்கில் உண்டு. அவற்றின் வழியே தண்ணீர் கசிந்து வெளியே வந்து ஆவியாகிறது. ஆவியாக வேண்டுமானால் தண்ணீருக்குச் சூடு வேண்டும். கையில் சூடு இல்லாத தண்ணீர் பக்கத்தில் இருப்பவரிடம் கடன் வாங்குகிறது. பானையிடமும், பானைக்குள் இருக்கும் தண்ணீரிடமும் வாங்கிக்கொண்டு ஆவியாகிப் பறந்துவிடுகிறது. சூட்டைக் கொடுத்தவர் குளிர்ந்துபோகிறார்.

எவ்வளவு கடன்? ஒரு கிராம் தண்ணீரை உறைநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டு போக 100 கலோரி போதும். அதே ஒரு கிராம் உங்கள் தோலின் மேலிருந்து ஆவியாகிப் போக சுமார் 580 கலோரி வேண்டும். கொதிக்க வைப்பதைப்போல ஏறக்குறைய ஆறு மடங்கு! தண்ணீர் சாதுவாகத் தெரியும், கடன் வாங்குவதில் அசகாய சூரன்.

நம் உடம்பும் ஒரு ரஞ்சன்தான். மனிதத் தோலில் 20 லட்சம் முதல் 40 லட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு, பழைய 100 வாட் குண்டு பல்பு அளவுக்கு எந்நேரமும் சூட்டை உண்டாக்கிக்கொண்டிருக்கிறது. சுற்றியுள்ள காற்று குளிர்ந்திருந்தால் அந்தச் சூடு தானாகக் கழன்று போகும். காற்றும் உடம்பளவு சுட்டால் வியர்வை ஒன்றுதான் வழி. அப்போது அந்த 100 வாட்டை மட்டும் கழிக்கவே மணிக்கு 150 மில்லி வியர்வை ஆவியாக வேண்டும். கிரிக்கெட் ஆடினால் அது பல மடங்காகும். அரை லிட்டர் பாட்டிலோடு ஒரு முழுப் பகலை ஓட்டப் பார்த்த பையனுக்குத் தலை வலிக்காமல் என்ன செய்யும்?

தாகம் எடுத்தால் குடிப்பேன் என்று காத்திருப்பது விளையாட்டு வெறியில் உதவாது. தாகம் மெதுவாகத்தான் சேதி சொல்லும். சிறுநீரின் நிறத்தைப் பார்ப்பது மேல். வெளிர் மஞ்சள் என்றால் சரி, அடர்ந்தால் தண்ணீர் போதவில்லை. வியர்வையோடு உப்பும் போவதால் உப்புப் போட்ட மோர் நல்லது. இங்கே அதை மஜ்ஜிக என்பார்கள். மோர் கிடைக்காவிட்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டி அளந்த ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கரைத்துக்கொள்ளுங்கள். அளவு முக்கியம், உப்பு கூடினால் கெடுதல்.

அவனுக்கு அடுத்த சந்தேகம் வந்தது. "சென்னையிலே 36 டிகிரிதான். இங்கே 40. அப்போ இங்கேதானே அதிகமா வேகணும்? ஏன் அங்கே மூச்சு முட்டுது?"

நல்ல கேள்வி. இதற்குப் பதில் ஒரு வெள்ளைப் பெட்டிக்குள் இருக்கிறது. வானிலை நிலையங்களில் ஜன்னல் சட்டம் போலச் சாய்ந்த பலகைகள் வைத்த ஒரு மரப்பெட்டியைக் கால்கள் மேல் நிறுத்தியிருப்பார்கள். வெயில் நேரே படாமல், காற்று மட்டும் உள்ளே போய் வரும். அதற்கு ஸ்டீவன்சன் பெட்டி என்று பெயர். அமைத்தவர் தாமஸ் ஸ்டீவன்சன், கலங்கரை விளக்கங்கள் கட்டிய ஸ்காட்லாந்துப் பொறியாளர். கடற்கொள்ளையர் கதையான 'புதையல் தீவு' நாவலை எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் அப்பா. செய்தியில் சொல்லும் 40 டிகிரி அந்தப் பெட்டிக்குள் இருக்கும் நிழல் காற்றின் சூடு. மதியத்தில் மொட்டை மாடித் தரை அதைவிட எவ்வளவோ அதிகமாகக் கொதிக்கும். வெறுங்காலோடு ஓடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அந்தப் பெட்டிக்குள் ஒரு வெப்பமானியின் குமிழில் மட்டும் ஈரத்துணி சுற்றியிருக்கும். துணித் தண்ணீர் ஆவியாகக் குமிழிடம் கடன் வாங்கும், குமிழ் குளிரும். அது காட்டும் அளவுக்கு ஈரக்குமிழ் வெப்பநிலை என்று பெயர். 40 டிகிரி சூடும் 20 சதவீத ஈரப்பதமும் உள்ள ஹைதராபாத் மதியத்தில் அது 22, 23 டிகிரியையே காட்டும். 36 டிகிரியும் 65 சதவீதமும் உள்ள சென்னை மதியத்தில் 30 டிகிரி! நனைந்த உடம்பு எவ்வளவு தூரம் குளிர முடியும் என்பதை இந்த எண் சொல்கிறது. ஈரக்குமிழ் 35 டிகிரியைத் தொட்டால் வியர்வையால் பயனே இல்லை, நிழலில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் உடம்பு சூடேறிக்கொண்டே போகும். அதற்கு வெகு முன்பே உடம்பு திணற ஆரம்பித்துவிடும்.

ஹைதராபாத்தில் வீட்டுக்கு வீடு ஜன்னலில் ஏர்கூலர் தொங்குவதற்கும், அதே பெட்டி சென்னையில் எடுபடாததற்கும் இதுவே காரணம். கூலர் வேறொன்றுமில்லை, மோட்டார் வைத்த ரஞ்சன். முன்பு வெட்டிவேர்த் தட்டிகளை நனைத்துக் கட்டுவார்கள், இப்போது மரச்சீவலோ தேன்கூடு போன்ற அட்டையோ வைக்கிறார்கள். ஒரு விஷயத்தை மட்டும் மறந்துவிடுவார்கள். என் மருமான் செய்ததும் அதேதான். "ஜில்லுக் காத்து வெளியே போயிடும்" என்று கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டுக் கூலரைப் போட்டான். அரை மணி நேரத்தில் அறை நீராவியால் நிறைந்து, ஹைதராபாத்துக்குள்ளேயே அவனுக்கென்று ஒரு சென்னை தயாராகிவிட்டது. ஏ.சி.க்கு ஜன்னலைச் சாத்த வேண்டும், கூலருக்குத் திறந்து வைக்க வேண்டும். ஜூன் மாதம் பருவமழை எட்டிப் பார்த்ததும் கூலர் பரணுக்குப் போய்விடும்.

மின்விசிறி விஷயமும் இப்படித்தான். 40 டிகிரிக் காற்று 37 டிகிரி உடம்பின் மேல் வீசினால் சூடு உள்ளேதான் வரும். அப்போது பனியனை நனைத்துப் போட்டுக்கொண்டு விசிறிக்கு அடியில் உட்காருங்கள். கணக்கு தலைகீழாகிவிடும்.

அவ்வா அவனுக்கு மூன்று தெலுங்குச் சொற்கள் சொல்லிக் கொடுத்தார். அனல் காற்றுக்கு வடகாலி. வெயில் தாக்கி விழுந்தால் வடதெப்ப. மூன்றாவதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ஆலங்கட்டிக்கு வடகள்ளு! கள்ளு இல்லை, கல்லு. வானத்திலிருந்து விழும் ஐஸ்கட்டியின் பெயரும் அனல் காற்றின் பெயரும் ஒரே எழுத்துகளில் தொடங்குகின்றன. அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், வருகிறேன்.

வடதெப்பவை இந்த ஊர் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. 2015 மே மாதம் வீசிய வெப்ப அலையில் இந்தியாவில் 2,000 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலோர் ஆந்திரத்தையும் தெலங்கானாவையும் சேர்ந்தவர்கள். மார்ச் நடுவிலேயே பள்ளிக்கூடங்கள் ஒண்டிபூட்ட படி, அதாவது அரைநாள் பள்ளி ஆகிவிடும். தெருமுனைகளில் சலிவேந்திரம் முளைக்கும். நம் தண்ணீர்ப் பந்தலேதான். பெரியவர்கள் சிலர் சட்டைப் பையில் வெங்காயம் போட்டுக்கொண்டு வெளியே கிளம்புவார்கள். பையில் இருக்கும் வெங்காயம் வெயிலை ஒன்றும் செய்யாது. நறுக்கி மஜ்ஜிகவில் போட்டால் ருசியாவது கிடைக்கும்.

யாராவது வெயிலில் மயங்கினால், உளறினால், உடம்பு நெருப்பாய்ச் சுட்டால், அது வடதெப்பவாக இருக்கலாம். உடம்புக்குள் சூடு 40 டிகிரியைத் தாண்டினால் மூளையே தடுமாறும். நிழலுக்குக் கொண்டு போய், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி நனைத்து, விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, புரையேறும். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். அந்த 108 ஆம்புலன்ஸ் சேவை 2005 ஆகஸ்ட் 15 அன்று முதலில் தொடங்கியது இந்த ஹைதராபாத்தில்தான்.

ராத்திரி வேறொரு தொல்லை. வெளியே காற்று இதமாகிவிடும், ஆனால் வீட்டுக்குள் கூரை கொதிக்கும். பகலெல்லாம் கான்கிரீட் வாங்கி வைத்த சூட்டை ராத்திரி நம் தலைமேல் இறக்குகிறது. தகரக் கூரை வீடுகளில் பகலிலேயே அடுப்புக்குள் இருப்பது போலத்தான். இதற்கு மலிவான ஒரு மருந்து, கூரைக்கு வெள்ளை அடிப்பது. வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பும், கறுப்பு விழுங்கும். 2017-இல் இந்த ஊரின் தேவரகொண்டா பஸ்தியில் 25 ஏழை வீடுகளின் கூரைமேல் வெயிலைத் திருப்பும் வெள்ளை விரிப்பைப் போட்டுச் சோதித்தார்கள். உள்ளே சராசரியாக 2 டிகிரி குறைந்தது. இரண்டுதானா என்று கேட்காதீர்கள். தூக்கம் வருவதற்கும் வராததற்கும் நடுவே பல நாள் அந்த இரண்டு டிகிரிதான் நிற்கும். 2023-இல் தெலங்கானா அரசு இதற்கென்றே குளிர்கூரைக் கொள்கை ஒன்றைக் கொண்டுவந்தது.

நமக்கு அக்னி நட்சத்திரம் முடிகிற சமயத்தில் தெலுங்குக்காரர்களுக்கு ரோகிணி கார்த்தி என்கிற கடும் வெயில் காலம் தொடங்கும். ரோகிணி கார்த்தியில் ஆட்டுரலே வெடிக்கும் என்று அவ்வா சொல்வார். மிகைதான். ஆனால் ஹைதராபாத்தின் பேகம்பேட்டை வானிலை நிலையத்தின் உச்ச அளவான 45.5 டிகிரி பதிவானது 1966 ஜூன் 2 அன்று. சரியாக ரோகிணி கார்த்திக்குள்.

இனி வடகள்ளுக்கு வருவோம்.

அவன் ஊருக்குத் திரும்புவதற்கு முதல் நாள் மதியம் 42 டிகிரி. மூன்று மணிக்கு மேற்கு வானத்தில் ஒரு வெள்ளை முட்டைக்கோசு மேகம் முளைத்தது. நாலு மணிக்கு அது மலையாகி, அடிப்பக்கம் ஸ்லேட்டுக் கறுப்பாகிவிட்டது. திடீரென்று செம்மண் புழுதியோடு ஒரு காற்று. அனல் காற்று இல்லை, சில்லென்ற காற்று! துணிகளை அள்ளிக்கொண்டு கீழே ஓடி வந்தோம். பின்னாலேயே கூரையில் டமடமவென்று சத்தம். வாசலில் கோலிகுண்டு கோலிகுண்டாக ஐஸ் உருண்டது. பையன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். அரை மணி நேரத்தில் வெப்பமானி 27-க்கு வந்துவிட்டது.

கொதிக்கிற ஊரில் எங்கிருந்து ஐஸ்?

தரை காய்ந்தால் மேலே உள்ள காற்று சூடாகி எழும். வெறும் வறண்ட காற்று எழுந்தால் மேகம் வராது. வங்காள விரிகுடாவிலிருந்து ஈரக் காற்று வந்து கலக்க வேண்டும், கோடையில் சில நாள்கள் அப்படி வரும். அந்தக் காற்று உயரப் போகப் போகக் குளிரும். குளிர்ந்ததும் ஆவி மறுபடி துளியாகும். ஆகும்போது, வாங்கிய கடனை வட்டியில்லாமல் அப்படியே திருப்பிக் கொடுக்கும். கடலின் மேலும், குளத்தின் மேலும், உங்கள் முதுகின் மேலும் வாங்கிய சூடு பல கிலோமீட்டர் உயரத்தில் காற்றுக்குக் கிடைக்கிறது. சூடு கிடைத்த காற்று இன்னும் வேகமாக மேலே பாயும். ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு கோடி லிட்டர் தண்ணீர். அவ்வளவு ஆவி துளியானபோது மேகத்துக்குக் கிடைத்த சூடு சுமார் 70 லட்சம் யூனிட் மின்சாரத்துக்குச் சமம். முட்டைக்கோசு மலையானது இந்தப் பலத்தில்தான்.

இந்தப் பகுதியில் கோடையில் சுமார் 5 கிலோமீட்டர் உயரத்திலேயே வெப்பம் பூஜ்யத்துக்கு வந்துவிடுகிறது. இடிமேகம் 12 கிலோமீட்டருக்கும் மேலே போகும். அங்கே துளிகள் பூஜ்யத்துக்குக் கீழே போயும் உறையாமல் திரியும், ஒரு ஐஸ் துணுக்கில் மோதியதும் அதன்மேல் உறைந்து ஒட்டிக்கொள்ளும். மேலே பாயும் காற்று தாங்கித் தாங்கிப் பிடிக்க, அது பருத்துக்கொண்டே போகும். எலுமிச்சங்காய் அளவு ஆலங்கட்டியைத் தாங்க அந்தக் காற்று மணிக்கு 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் எழ வேண்டும். தாங்க முடியாத நேரத்தில் கை விட்டுவிடும். கோடை வெயிலின் வலு இருந்தால்தான் காற்று அவ்வளவு வேகமாக எழும். ஜூலை மழையில் ஆலங்கட்டி அபூர்வம். வடகாலியும் வடகள்ளும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

மழைக்கு முன்னால் வந்த சில் காற்று? மேகத்தின் அடியில் வறண்ட காற்று இருக்கிறதே, விழும் மழையில் ஒரு பகுதி வழியிலேயே அதில் ஆவியாகிவிடும். மறுபடியும் கடன்! காற்று குளிர்ந்து கனத்து, கீழே விழுந்து தரையில் மோதி நாலாபக்கமும் பாயும். மேகத்துக்கு அடியில் ஒரு ராட்சதக் கூலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மரத்தையும் விளம்பரப் பலகையையும் சாய்ப்பது அந்தக் காற்றுதான்.

ஐஸைப் பொறுக்கிக் கிண்ணத்தில் போட்டு மகிழ்ந்த பையனிடம் மற்றதையும் சொன்னேன். 2023 மார்ச்சில் பக்கத்து விகாராபாத் மாவட்டத்தில் மர்பல்லிப் பக்கம் தரையே வெள்ளையாகும்படி ஆலங்கட்டி கொட்டியது. பார்க்கக் காஷ்மீர் மாதிரி இருந்ததாம், பயிர் வைத்தவர்களுக்கு நஷ்டம். 2024 மே 7 மாலை பெய்த மழையில் இந்த ஊரின் பாச்சுப்பல்லியில் கட்டிக்கொண்டிருந்த கட்டடத்தின் சுவர் இடிந்து ஏழு பேர் இறந்தார்கள். 2025 ஏப்ரல் 3 அன்று பெய்த மழையில், 1591-இல் கட்டிய சார்மினாரின் மினார் ஒன்றிலிருந்தே சுண்ணாம்பு வேலைப்பாட்டில் ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தது. அதனால் கோடை மழை வந்தால் மரத்தடி, மதில் ஓரம், தகரப் பந்தல் மூன்றும் வேண்டாம். மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் தூரம். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் உள்ளே போய்விடுங்கள், கடைசி இடிக்குப் பிறகும் அரை மணி நேரம் உள்ளேயே இருங்கள்.

ஊருக்குப் போன பிறகு அவன் ஒரு சோதனை செய்தான். நீங்களும் செய்யலாம். பள்ளி ஆய்வகத்தில் கேட்டால் இரண்டு வெப்பமானிகள் கிடைக்கும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு ஆகாது, அதன் அளவு 35 டிகிரிக்குமேல்தான் தொடங்கும். ஒன்றின் குமிழில் மட்டும் ஈரத்துணி சுற்றி, இரண்டையும் நிழலில் தொங்கவிட்டு, ஐந்து நிமிடம் அட்டையால் விசிறுங்கள். ஹைதராபாத்தில் நான் பார்த்தபோது இரண்டுக்கும் 16 டிகிரி வித்தியாசம் இருந்தது. சென்னையில் அவனுக்குக் கிடைத்தது 6. மதுரையில் எவ்வளவு? ஊட்டியில்? யாழ்ப்பாணத்தில்? நாள், நேரம், இரண்டு வெப்பமானிகளின் அளவு, ஊர்ப் பெயர் எல்லாவற்றையும் ஒரு கார்டில் எழுதி அனுப்புங்கள். அவனும் நானும் வரைபடத்தில் குறித்து வைக்கிறோம்.